நைனாவின் தந்தக் கோல்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்லம் பக்கத்தில் ஒரு அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். தினமும் பத்துப் பேருக்காவது "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி ஊசி போடுகிறேன். அதே நான், செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் காக்கிச் சட்டை போட்டவர் யாராவது பைக்கை நிறுத்தினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பார்த்தால் கரண்ட் கணக்கெடுக்க வந்தவராக இருக்கும். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்.

அப்படிப்பட்டவள் எதற்காக அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் காட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பெருமைதான், வேறென்ன.

எங்கள் நைனா புதுச்சேரியில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஆட்டக்காரர்களின் புள்ளிகளைச் சொல்பவருக்கு மார்க்கர் என்று பெயர். பச்சைத் துணியைத் துலக்குவது, பந்தைத் துடைப்பது, பந்தைத் தள்ளும் நீளக் கோல்களில் உடைந்ததைச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலைதான். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து மேசை ஒன்று இருந்ததாம், குழியே இல்லாத மேசை. அதில் ஆடிய பழைய கோல் ஒன்றை, நைனா வேலையை விட்டு வரும்போது கொடுத்தனுப்பினார்கள். நடுவில் திருகிக் கழற்றினால் இரண்டு துண்டாகும். மெல்லிய முனையில், உலக்கைக்குப் பூண் போட்டது போல வெள்ளையாக ஒரு பூண். நடுவில் திருகு சேரும் இடத்தில் வெள்ளை வளையம். தடித்த அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு வட்ட வில்லை, அதன் நடுவே பித்தளை ஆணி.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் நைனா அந்த வில்லையைத் தட்டிக் காட்டுவார். "தந்தம். ஆனைத் தந்தம். உங்க ஊர்ல எவன் வீட்டுலயாவது இருக்குதா?" என்பார். செஞ்சியில் அவருக்கு ஆட மேசை ஏது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து உறையில் போட்டு வைப்பார், அவ்வளவுதான். நாங்களும் அதைத் தந்தக் கோல் என்றே சொல்லி வளர்ந்தோம்.

அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. போன ஆனியில் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கோல் கையில் கிடைத்தது. அன்றைக்கு அவருடைய நினைவு நாள் வேறு. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, கோலைப் படமெடுத்து, பழைய பொருள்கள் சேர்ப்பவர்கள் இருக்கும் ஒரு குழுவில் போட்டேன். போனில் அப்படி ஒரு குழு இருக்கிறது. அதில் நான் அதுவரை அடுத்தவர்கள் போட்ட பித்தளைச் சொம்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கள் நைனாவின் யானைத் தந்தக் கோல்" என்று எழுதி, மூன்று வெள்ளைப் பாகங்களையும் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்துப் போட்டேன்.

சாயந்தரத்துக்குள் இரண்டு பேர் விலை கேட்டார்கள். மூன்றாவதாக ஒருவர், "அம்மா, தந்தம் வீட்டில் வைத்திருப்பது குற்றம். சர்டிபிகேட் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஜெயில்தான்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மையோடு கைவிலங்குப் படம் ஒன்றைப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, குழுவிலிருந்தும் வெளியே வந்து, போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். அது என்ன புத்தியோ, போனை மூடிவிட்டால் ஊர் வாயை மூடியதாகிவிடுமா.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, டூட்டியில் ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பாரஸ்ட் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்மா. நீங்க ஒரு படம் போட்டிருந்தீங்களாமே. எங்களுக்கு யாரோ அனுப்பியிருக்காங்க."

குழந்தையைத் தராசிலிருந்து தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தேன்.

"பயப்படாதீங்க. திங்கக்கிழம நானே நேர்ல வந்து பாக்குறேன். அதுவரைக்கும் அத எங்கயும் எடுத்துனு போவாதீங்க. கொளுத்துறது, ஒடைக்கிறது ஒண்ணும் வேணாம். அட்ரஸ் சொல்லுங்க."

பயப்படாதீங்க என்று அவர் சொன்ன தொனி எனக்கு நன்றாகப் பழக்கமான தொனி. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்வது அதேதான்.

அரசு ஊழியர் நாற்பத்தெட்டு மணி நேரம் காவலில் இருந்தால் சஸ்பெண்ட் என்பது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். இருபத்தாறு வருட சர்வீஸ். நேற்றுவரை என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்னைப் பற்றிப் பேப்பரில் படிப்பார்கள். படத்தில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நிற்பேன். அதற்கு எந்தத் துப்பட்டா நன்றாக மறைக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் திண்டிவனம் ரோட்டில் டூவீலர் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னதும் கோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே, இதுக்குப் போயி டென்சன் ஆவுற? ராஜகிரிக் கோட்ட மேல ஏறி அந்தாண்ட பள்ளத்துல வுட்டெறிஞ்சா போச்சு."

"கோட்டையில இருக்குற கொரங்கு அத எடுத்தாந்து டிக்கெட் கவுண்டர்ல குடுத்துடும். அந்தாளு வந்து எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அப்ப இது தந்தமான்னு மொதல்ல பாரு. உங்க நைனா சொன்னதெல்லாம் நெசமா?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

அன்று இரவும் மறுநாளும் போனில் தேடித் தேடிப் படித்தேன். பழைய கோல்களில் தந்தம் மாதிரித் தெரிவதெல்லாம் தந்தம் இல்லையாம். எலும்பு இருக்கும், மான் கொம்பு இருக்கும், நீர்யானைப் பல்கூட இருக்குமாம். செல்லுலாய்டு என்று ஒரு ஆதி காலத்துப் பிளாஸ்டிக், பாலிலிருந்து செய்த இன்னொரு பிளாஸ்டிக் என்று போலிகளே பல. எலும்பு என்றால் லென்சில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி தெரியும். பிளாஸ்டிக் என்றால் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடும். தந்தத்துக்கு வேறு ஏதோ கோடு சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷில் இருந்தது, படம் திறக்கவில்லை. பயத்தில் படிக்கிறவளுக்கு எது மண்டையில் ஏறும்?

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம், கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்சை இரவல் கேட்டேன். "கொழந்த கால்ல முள்ளு ஏறியிருக்குது" என்று பொய் சொன்னேன். அது முதல் பொய். நர்ஸ் கேட்டால் யார் இல்லையென்று சொல்வார்கள், கொடுத்துவிட்டார்.

மதிய சாப்பாட்டு வேளையில், எங்கள் நிலையத்தில் மருந்து கொடுக்கும் அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பொழுது சாய்ந்தபின் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

"எலும்பா இருந்தா தப்பிச்சேன்க்கா. தந்தமா இருந்தாத்தான் ஜெயிலு."

அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். "எதுவா இருந்தா இன்னாம்மா, ஒரு உயிர்லேர்ந்து வந்ததுதானே" என்றார். நான் இருக்கிற நிலையில் இது என்ன பேச்சு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பூணில் லென்சை வைத்தேன். புள்ளிகள் இருந்தன. பென்சில் முனையால் குத்தினது போல அங்கங்கே பொடியாக, சில இடங்களில் சின்னக் கீறலாக. எலும்பு. ஒரு மூச்சு விட்டேன். கடையிலிருந்து கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்தார். அதன் வெளிச்சத்தில் பூண் நீலமாகப் பளிச்சென்று இருந்தது, நடு வளையம் மங்கிக் கிடந்தது. அப்படியானால் வளையம் வேறு ஏதோ.

அங்கேதான் தப்புச் செய்தேன். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வைத்தால் பிளாஸ்டிக் உள்ளே இறங்கும், தந்தம் இறங்காது என்று எங்கோ படித்திருந்தேன். ஊசிதானே, நமக்குத் தெரியாததா என்று சுட்டு, வளையத்தில் ஒரு ஓரமாக வைத்தேன். குப்பென்று சூட வாசனை வந்தது. அடுத்த நொடி வளையத்தில் நெருப்பு. வாயால் ஊதினேன், இன்னும் எரிந்தது. மிதியடியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி அதன்மேல் போட்டு அமுக்கினேன்.

வெளியே இருந்து வீட்டுக்காரர் கேட்டார். "இன்னாமே, நம்ம வூட்டுல சூடம் ஏத்துற?"

எடுத்துப் பார்த்தால் வளையத்தில் பாதி கரி. கொளுத்தாதீங்க என்று அந்த மனிதர் வாயால் சொல்லியிருந்தார். தடயத்தை அழித்தாள் என்று இன்னொரு கேஸும் சேரும். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அடிவில்லையைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அது மூன்றிலும் பெரியது, வழுவழுவென்று வெண்ணெய் நிறத்தில் இருந்தது. நைனா தட்டிக் காட்டியதும் அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்கு வந்து மாதாவிடம் போய் நின்றேன்.

எங்கள் வீட்டு மாதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஜாண் உயரச் சுரூபம். அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. அம்மாவின் தாத்தாவுக்கு வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொடுத்ததாகச் சொல்வார்கள். சலவைக்கல் மாதா என்றுதான் எங்கள் தெருவில் பெயர். மே மாதம் வந்தால் புது நீலப் பட்டுத் துணி தைத்துப் போர்த்துவோம். முகமும் கூப்பிய கையும்தான் வெளியே தெரியும். ஜெபமாலை சொல்ல வீடு வீடாக அவளை எடுத்துப் போவார்கள், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. மந்திரித்த சுரூபத்தை விற்கக் கூடாது, வீசக் கூடாது. உடைந்து போனால்கூடக் கல்லறை மண்ணில்தான் புதைக்க வேண்டும். தலைகீழாகப் பிடிப்பது பெரிய பாவம். ஆனால் ஆறேழு வயதில் நான் ஒரு தரம் பிடித்திருக்கிறேன். அடியில் பாய் பின்னினது போலக் கோடுகள் இருந்தன. மாதா கால் வலிக்காமல் இருக்கப் பாய் போட்டு நிற்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லி, முதுகில் ஒன்று வாங்கினேன்.

எனக்குப் பயம் வந்தால் போகிற ஒரே இடம் அவள்தான். பிரசவத்துக்குப் போகும்போது, அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, தொற்றுக் காலத்தில் வார்டுக்குள் போகும் ஒவ்வொரு நாளும். அன்றும் அவளைக் கையில் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இந்தக் கோல்ல தந்தம் மட்டும் இருக்கக் கூடாது தாயே. காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு அது பெரிய நேர்ச்சைதான்.

திங்கட்கிழமை லீவு போட்டிருந்தேன், பத்து மணிக்குப் பாரஸ்ட் ஆபீஸ்காரர் வந்தார். ஜீப் வரும் என்று நினைத்திருந்தேன், பழைய பைக்கில்தான் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது காலைச் சற்றே இழுத்து நடந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "மாதா வூடா? உள்ள வரலாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மாதா பீடம் அவருக்கு நேர் எதிரே இருந்தது.

கோலைக் கொடுத்தேன். கரிந்த வளையம்தான் முதலில் அவர் கண்ணில் பட்டது.

"கொளுத்தாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சார், ஊசி வெச்சுப் பாத்தேன். தெரியாம..."

"நல்லவேள, வூடு எரியல. செல்லுலாய்டும்மா இது. அந்தக் காலத்துல சீப்பு, பொம்மை எல்லாம் இதுலதான் செஞ்சாங்க. நெருப்பக் கண்டா வுடாது. இதுக்குக் கேசு கெடையாது."

சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்சை எடுத்துப் பூணைப் பார்த்தார். "மாட்டெலும்பு" என்று தள்ளினார். பிறகு கோலைத் தலைகீழாக நிறுத்தி அடிவில்லையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். வீட்டுக்காரரைப் பார்த்தேன். இரண்டு நாளாக என்னைக் கிண்டல் செய்த மனிதர், முகம் பேயறைந்தது போல நின்றுகொண்டிருந்தார்.

"உங்க நைனாவுக்கு எந்த ஊரும்மா?"

"வல்லத்துக்கு அந்தாண்ட, சார்."

"பனங்காடு இருக்குதா?"

"சுத்தியும் பனைதான்."

அவர் சிரித்தார். "இது நுங்கும்மா. முத்திக் கல்லாப் போன நுங்கு. பனங்கொட்டைய அறுத்து எழச்சு வெச்சிருக்காரு. நடுவுல குழி இருக்கும்ல, அத மறைக்கத்தான் இந்த ஆணி. பாருங்க, ஓரத்துல பழுப்புத் தோலு இன்னும் ஒட்டிக்கினு இருக்குது."

லென்சை வாங்கிப் பார்த்தேன். மயிரிழை அளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு. சின்ன வயதில் எத்தனை கொட்டை வெட்டியிருக்கிறேன், அந்தத் தோலை எனக்குத் தெரியாதா. உயிர் போய் உயிர் வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு நைனாமேல் கோபம் வந்தது. ஊரையே ஏய்த்திருக்கிறாரே மனிதர். ஒருவேளை தந்தத்தைக் கழற்றிக்கொண்டுதான் கிளப்பில் மொட்டைக் கோலைக் கொடுத்தார்களோ என்னவோ, அதை யாரிடமும் சொல்லப் பிடிக்காமல் பனங்கொட்டையை வைத்து இழைத்தாரோ என்னவோ. கோல் சரிசெய்கிற கைதானே அவருக்கு. இனி அவரிடம் கேட்கவும் முடியாது.

காபி கொண்டுவந்து வைத்தேன். தெம்பாகவே கேட்டேன். "நெஜத் தந்தம்னா எப்படி சார் இருக்கும்?"

போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். "குறுக்கால அறுத்த எடத்துல பாக்கணும். வளஞ்ச கோடு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். கோரப்பாய் பின்னுன மாதிரி. வேற எதுக்கும் இப்படி வராதும்மா. மனுசன் செய்ய முடியாது."

பாய் பின்னல். நான் படத்தையே பார்த்தேன். நிமிர்ந்து பீடத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்குள் ஏதோ சொன்னது, ஆனாலும் பார்த்துவிட்டேன். நீலப் பட்டுக்கு மேலே அந்த முகம் தேன் நிறத்தில் இருந்தது. சலவைக்கல் எங்கேயாவது தேன் நிறமாகுமா? இத்தனை வருடம் மெழுகுவத்திப் புகை என்று நினைத்திருந்தேன்.

அவர் காபியைக் குடித்துக்கொண்டே பேசினார். முன்பு சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டில் வேலை பார்த்தாராம். காலில் அடிபட்டதால் மாற்றல் வாங்கி இந்தப் பக்கம் வந்திருக்கிறார். "அங்க ஒரு கொம்பன் ஆனைம்மா. சுட்டுட்டு மூஞ்சிய அறுத்து எடுத்துனு போயிட்டானுங்க. மேலதிகாரி வர்ற வரைக்கும் நான்தான் காவல். ரெண்டு நாள் அது பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஈய ஓட்டிக்கினு" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "அதனாலதான் இந்த மாதிரி படம் வந்தா நானே நேர்ல போயிடுறேன். வேற ஏதாவது பழசு இருக்குதாம்மா வூட்டுல? சிமிழு, பொம்ம, அப்படி?"

"இல்ல சார்" என்றேன்.

மாதா முன்னாலேயே சொன்னேன். அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே நாலு அடி தூரம்கூட இல்லை.

அவர் எழுந்து பீடத்தின் முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன், எதற்கென்று தெரியாமலே. கையை நீட்டித் தொட்டால் முடிந்தது. தொடவில்லை. "எங்க வூட்டம்மாவ ஒரு நாள் கூட்டியாரட்டுமா? அதுக்கு மாதான்னா ரொம்ப நம்பிக்க" என்று கேட்டார். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வாங்க சார் என்றேன்.

அவர் போனதும் வீட்டுக்காரர் நிம்மதியாகக் கடைக்குக் கிளம்பினார். நான் மாதாவை எடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, தலைகீழாகப் பிடித்து லென்சை வைத்தேன். அந்தப் பாய் அப்படியே இருந்தது. வளைந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும் கோடுகள். ஆறு வயதில் பார்த்ததை விடத் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பயத்தோடு ஒப்பிட்டால் முந்தைய மூன்று நாள் பயம் ஒன்றுமே இல்லை. கோலாக இருந்தால் அடுப்பில் வைக்கலாம், ஆற்றில் விடலாம். இவளை என்ன செய்வது? விற்க முடியாது, வீச முடியாது, உடையாதவளைப் புதைக்கவும் முடியாது. யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் என் வேலை மட்டுமா போகும், மந்திரித்த மாதாவை அட்டைப் பெட்டியில் போட்டு நம்பர் ஒட்டி எங்கேயோ பூட்டி வைப்பார்கள். இது எல்லாவற்றையும் விட இன்னொன்று இருந்தது. பயம் வந்தால் நான் போகிற இடம் அவள்தானே. இப்போது பயமே அவளாக இருக்கும்போது நான் யாரிடம் போவேன்? ஜெபமாலையை எடுத்தால் மூஞ்சி இல்லாத ஒரு யானையும் அதன் பக்கத்தில் ஈ ஓட்டுகிற மனிதரும்தான் கண்ணுக்குள் வந்தார்கள். பாதியில் நிறுத்திவிடுவேன்.

வீட்டுக்காரர் கடையில் சீட் கவர் தைத்து மீந்த சிவப்பு வெல்வெட்டை எடுத்து வட்டமாக வெட்டி மாதாவின் அடியில் ஒட்டினேன். எதற்கு என்று அவர் கேட்டார். "வழுக்காம நிக்கும்" என்றேன். பொய் சொல்வது எனக்கு இப்போது நன்றாக வர ஆரம்பித்திருந்தது. வாட்ச் ரிப்பேர்காரருக்கு லென்சைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் பயம்.

கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பாரஸ்ட் ஆபீஸ்காரர் தன் வீட்டம்மாவோடு வந்தார். வேட்டி கட்டியிருந்தார். அந்த அம்மா மல்லிகைச் சரமும் ஒரு கட்டு மெழுகுவத்தியும் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. பார்த்த உடனே சரியான தூக்கம் இல்லாதவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரத்தைச் சாத்திவிட்டு, நெடுநேரம் முழங்காலிட்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒருவாட்டி கையில வாங்கிக்கலாமாக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்வது சரியில்லை. அவர் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார், நான் என் உள்ளங்கையை அடியிலிருந்து எடுக்கவே இல்லை. விழுந்துவிடும் என்று தாங்குகிறேன் போல என்று அவர் நினைத்திருப்பார். வெல்வெட் வியர்வையில் ஈரமானது.

அவர் கணவர் வாசல் பக்கம் நின்று வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அந்த ஆனை இன்னும் இவரு கனவுல வருதுக்கா. நடுராத்திரி எழுந்து உக்காந்துக்கினு ஈ ஓட்டுறாரு. கையப் புடிச்சா, இன்னும் யாரும் வரல, யாரும் வரலன்னு சொல்றாரு. பாக்காத டாக்டர் இல்ல. மேல்மலையனூர் ஆத்தாளுக்கும் வேண்டிக்கினேன். மாதாதான் அந்த ஆனைய அனுப்பிவெக்கணும்."

சொல்லிவிட்டு மாதாவின் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்து நீலப் பட்டில் இறங்கியது. என் உள்ளங்கை அடியிலேயே இருந்தது. நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும், நர்ஸ் இல்லையா. பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும் என்று இருபத்தாறு வருடம் சொன்ன வாய். அன்றைக்கு அது வரவில்லை. எத்தனை பேருடைய தூக்கத்தில் எத்தனை யானை என்று மட்டும் தோன்றியது.

நான் கையை எடுத்தேன். வெல்வெட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கினேன். வியர்வையில் பசை இளகியிருந்தது, சுலபமாக வந்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"சார்" என்று கூப்பிட்டேன். "அந்த லென்சு கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லம்மா, லீவுல வந்தேன். ஏன்?"

"பரவால்ல சார். என்கிட்ட ஒண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டு, வாட்ச் ரிப்பேர்காரரின் லென்சை எடுத்துவர உள்ளே போனேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் போனேன்.